சேசிஸுக்குப் பூக் கேட்ட கதை

இணையக் கடை கட்ட எந்த ஃப்ரேம்வொர்க் நல்லது என்று கேட்டால் எங்கள் தொழிலில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மணிக்கணக்கில் சண்டையும் போடுவார்கள். ஆனால் அந்தக் கேள்வியை அம்மன் சன்னதியில் இரண்டு பொட்டலமாகக் கட்டிப் போட்டு முடிவுசெய்ததை என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. பொட்டலத்தை எடுத்ததே இந்தக் கைதான்.

நான் சேலம் சூரமங்கலத்துக்காரி. அப்பா ரயில்வேயில் இருந்தவர். பெங்களூரில் சில வருடம் கம்பெனி வேலை பார்த்து, மேனேஜரோடு ஒத்துவராமல் வீட்டுக்கு வந்து, தனியாக வெப்சைட் செய்து கொடுக்க ஆரம்பித்திருந்தேன். எனக்கு வாய் நீளம், பொறுமை குறைவு. இது அம்மா சொல்வது. நான் மறுத்ததில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு வெப்சைட் செய்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு நாமக்கல்லிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். ஐம்பதைத் தாண்டியவர். பைபாஸ் ரோட்டில் லாரிக்கு வேண்டிய சாமான்கள் விற்கும் கடை அவருடையது. தார்ப்பாய், கயிறு, ஏர் ஹாரன், ரேடியம் ஸ்டிக்கர், சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் பாய், கண்ணேறு படாமல் இருக்கக் கட்டும் கறுப்புக் குஞ்சம் என்று லாரிக்கு அலங்காரம் செய்ய வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். கணவர் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். கடை இருக்கும் இடம் கணவர் பேரிலும் அவர் தம்பி பேரிலும் கூட்டாக இருந்தது. கடையை எடுத்துவிட்டு இடத்தை டயர் ஷோரூமுக்கு வாடகைக்கு விடலாம் என்பது கொழுந்தனாரின் கணக்கு. அக்கா தவணை கேட்டிருந்தார். ஆயுத பூஜைக்குள் கடையை நெட்டில் ஓட்டிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிவிட்டு வந்துதான் எனக்குப் போன் செய்தார்.

ஆயுத பூஜைதான் அந்தக் கடைக்கு வருஷத்தின் பெரிய அறுவடை. நாடு முழுக்க ஓடுகிற நாமக்கல் வண்டிகள் அன்றைக்கு எங்கே நிற்கின்றனவோ அங்கேயே குளித்து, பொட்டு வைத்து, குஞ்சம் கட்டிக்கொள்ளும். ஊருக்கு வர முடியாத வண்டிக்குச் சாமான் அனுப்ப முடிந்தால் கடை பிழைக்கும். அக்கா போட்டிருந்த கணக்கில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

முதல் நாள் கடைக்குப் போனபோது எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "சொல்லு சாமி, என்ன பண்ணோணும்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமியா? எங்கள் தெருவில் மாலை போட்டு மலைக்குப் போகிறவர்களைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். அப்புறம் பார்த்தால் டீ கொண்டுவந்தவரும் சாமி, தார்ப்பாய் வாங்க வந்த டிரைவரும் சாமி, பக்கத்துக் கடைக் கைக்குழந்தையும் சாமி. அந்தப் பக்கத்தில் பிரியமானவர்கள் எல்லோருமே சாமிதான் என்று பழக எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

ஃப்ரேம்வொர்க் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கினேன். வெப்சைட்டை வெறும் தரையிலிருந்து யாரும் கட்டுவதில்லை, அடிப்படையை எல்லாம் யாரோ செய்து வைத்திருப்பார்கள், அதன்மேல் நமக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்வோம் என்றேன்.

"அப்ப சேசிஸுங்க," என்றார் அக்கா. "லாரிக்கு அடிச்சட்டம் கம்பெனியிலருந்து வருது. பாடி நாம கட்டிக்கறது."

பெங்களூரில் மீட்டிங் மீட்டிங்காகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எனக்கு வாய்த்ததே இல்லை. அன்றையிலிருந்து நானும் சேசிஸ் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

சேசிஸ் இரண்டு முன்னால் நின்றது. ஒன்று நான் சொன்னது. பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஃப்ரேம்வொர்க். அதில் கடை என்று எதுவும் தயாராக இருக்காது, எல்லாவற்றையும் நாமே கட்ட வேண்டும். ஆனால் நம் இஷ்டத்துக்குக் கட்டலாம். இன்னொன்று கொழுந்தனார் கொண்டுவந்தது. அவருடைய மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் பிஎச்பி என்ற மொழியில் ஏற்கெனவே கட்டி முடித்த கடை ஒன்றை வைத்திருந்தார். பெயரை மாற்றி, படத்தை மாற்றி, ஒரு வாரத்தில் கொடுத்துவிடுவாராம். கொழுந்தனாருக்கு அந்தக் கடை ஓட வேண்டும் என்ற அக்கறை எவ்வளவு இருந்தது என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ஆள் மரியாதையானவர். எதிரில் உட்கார்ந்து நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பைத்தான்தான் நல்லது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். என் படிப்பு விடவில்லை. இதில் இது நல்லது, அதில் அது நல்லது, இதைக் கட்ட நாள் ஆகும், அது சீக்கிரம் முடியும் என்று இரண்டு பக்கமும் நியாயம் பேசினேன். அந்தத் தயார் கடையில் தார்ப்பாய்க்கு அளவு கேட்டால் எஸ், எம், எல் என்றுதான் வரும், அது சட்டைக்குக் கட்டிய கடை, லாரிக்கு ஆகாது என்றும் சொன்னேன். அதற்குள் எல்லோரும் களைத்துவிட்டார்கள்.

"பைத்தானுன்னா பாம்புங்களா?" என்றார் கொழுந்தனார்.

"பேருதாங்க அப்படி."

"பாம்புப் பேரு வெச்சதையா கடைக்கு எடுக்கறது?" என்று அக்காவைப் பார்த்தார்.

அக்கா டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "ரோசனை பண்ணிப் பண்ணி ஆவறதில்லீங்க. அம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம்," என்றார். கொழுந்தனார் உடனே தலையாட்டினார். அதுவரைக்கும் எதற்குமே தலையாட்டாத மனிதர்.

பூக் கேட்பது என்றால் எனக்கு அப்போது தெரியாது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை இன்னொரு பொட்டலமாகவும் வெளியே தெரியாமல் கட்டி, சன்னதியில் போட்டு, ஒன்றை எடுக்க வைப்பார்கள். எந்த நிறம் வருகிறதோ அதுதான் சாமியின் வாக்கு. பெண் பார்க்க, கிணறு வெட்ட, நிலம் வாங்க எல்லாவற்றுக்கும் கேட்பார்களாம். நாலு வருஷம் இன்ஜினீயரிங் படித்தேன், அதற்குமேல் வேலை பார்த்தேன். கடைசியில் என் பிழைப்பு ஒரு அரளிப் பூவில் வந்து நிற்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன். கையில் வேறு வேலை இல்லை.

பரமத்தி வேலூர் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் காவிரியை ஒட்டி இருந்தது அவர்கள் குலதெய்வக் கோயில். சின்னக் கோயில்தான். அக்கா, கொழுந்தனார், பூசாரி, நான், நாலு பேர். வெள்ளை வந்தால் பைத்தான், சிவப்பு வந்தால் தயார் கடை என்று அக்கா எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார். பூசாரி இரண்டு வாழையிலைத் துண்டில் பூவை மடித்து நாரால் கட்டி, குலுக்கி, சன்னதிப் படியில் போட்டார்.

"எடுக்கறது பங்காளியா இருக்கப்படாது. வெளியாளு எடுக்கோணும்," என்றார் பூசாரி.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இதில் ஒரு கட்சி, நான் எடுப்பது நியாயமா என்று கேட்டேன். "பொட்டலத்துக்குள்ள என்ன இருக்குதுன்னு உங்களுக்கே தெரியாதுங்களே. எடுங்க," என்று கொழுந்தனாரே சொல்லிவிட்டார்.

இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. இடது பக்கம் கிடந்ததை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தேன். பூக் கேட்டவர்தான் பிரிக்க வேண்டுமாம். அவர் சன்னதியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, முந்தானைக்குள் வைத்துப் பிரித்தார். பூவைக் கண்ணில் ஒற்றினார். நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு அதை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினார்.

"சாமி பைத்தானுன்னு சொல்லிருச்சுங்க," என்றார்.

அம்மன் தலைக்குமேல் ஐந்து தலை நாகம் படம் எடுத்து நின்றது. "பின்ன? அவ பாம்பத்தான எடுப்பா," என்றார் பூசாரி. கொழுந்தனார் நாகத்தை ஒரு முறை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபேச்சு இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஆற்றில்தான் விட வேண்டுமாம். அக்காவே அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் நிம்மதி. என் கை ராசியான கை என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

வேலை ஆரம்பித்தது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் பஸ்ஸிலேயே பாதி நாள் போனது. அக்கா ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டுவார், நான் படம் எடுப்பேன். ரப்பர் பாயில் என்ன பெயர் எழுத வேண்டும், எந்த நிறத்தில் எழுத வேண்டும் என்று வாங்குகிறவரே சொல்லும்படி வைத்தேன். கயிற்றை அடிக்கணக்கில் வெட்டித் தரும்படி வைத்தேன். தயார் கடையில் இதெல்லாம் நடக்குமா என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். சாமான் கைக்கு வந்தபிறகு காசு கொடுத்தால் போதும் என்பது அக்காவின் யோசனை. டிரைவர்களுக்கு அதுதான் நம்பிக்கை வரும் என்றார்.

பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடையைத் திறந்தோம். காலையில் கற்பூரம் காட்டி, கொழுந்தனார் கையாலேயே லேப்டாப்பில் பட்டனைத் தட்ட வைத்தார் அக்கா. டிரைவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு எல்லாம் முகவரியை அனுப்பினோம்.

டீ ஆறுவதற்குள் ஆர்டர் வந்தது. பன்னிரண்டு தார்ப்பாய். நான் எழுந்து குதித்தேன். அடுத்தது பத்துத் தார்ப்பாய். அப்புறம் பதினாறு. அப்புறம் மறுபடியும் பன்னிரண்டு. கொழுந்தனார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்கண்ணி, தார்ப்பாய இப்பிடி வாங்கறாங்களா?" என்று கேட்டவருடைய குரலில் முதல் தடவையாகக் கடைமேல் ஒரு மதிப்பு. வெயில் ஏறுவதற்குள் தார்ப்பாய் அத்தனையும் விற்றுத் தீர்ந்துவிட்டது. எல்லாப் படத்துக்கும் கீழே 'ஸ்டாக் இல்லை' என்று சிவப்பில் வந்து நின்றது. நான் அதைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அப்போதுதான் போன் அடித்தது. எடுத்தது நான். எங்கேயோ வடக்கே ஒரு டோல்கேட்டில் நிற்கிற டிரைவர்.

"ஏனுங்க, பன்னெண்டு தார்ப்பாய அனுப்பறமுன்னு மெசேஜ் வந்திருக்குது. நானென்ன வண்டிக்குப் பந்தலா போடப்போறேன்?"

"நீங்கதான பன்னெண்டுன்னு போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க. என்ற வண்டி பன்னெண்டு வீலுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாரிக்காரர்களுக்கு வண்டியின் அளவே சக்கரக் கணக்குதான். பத்து வீல், பன்னிரண்டு வீல், பதினாறு வீல். கடைக்கு வந்தாலும், "பன்னெண்டு வீலுக்கு ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்பார்கள். நான் தார்ப்பாய் படத்துக்குப் பக்கத்தில் 'எண்ணிக்கை' என்று ஒரு சின்னக் கட்டம் வைத்திருந்தேன். அதற்குப் பக்கத்திலேயே நீள அகலம் கேட்கும் கட்டமும் இருந்தது. அதை ஒருவரும் சீண்டவில்லை. எண்ணைப் பார்த்ததும் வீலைப் போட்டுவிட்டார்கள். காசு அப்புறம்தான் என்பதால் மொத்தம் எவ்வளவு என்று யாரும் கீழே பார்க்கவே இல்லை. வந்த ஆர்டரை எல்லாம் திரும்பப் பார்த்தேன். ஒருவர்கூடப் பதினொன்று கேட்கவில்லை. ஒருவர்கூடப் பதிமூன்று கேட்கவில்லை. ஓடாத கடையை நான் ஓடுகிறது என்று காலையிலிருந்து குதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதைவிட மோசம், நிஜமாகவே வாங்க வருகிறவர்கள் 'ஸ்டாக் இல்லை' என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே தார்ப்பாய் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது.

போன் விடாமல் அடித்தது. கொழுந்தனாருக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கத்தவில்லை, திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "சாயந்தரம் டயர்க்காரங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிப்போடறேனுங்கண்ணி," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

நானும் அக்காவும் மட்டும்தான் இருந்தோம். எனக்கு அழுகை முட்டியது. அழுகை வந்தால் எனக்கு வாய்தான் நீளும்.

"உங்க அம்மன் தப்பாச் சொல்லிட்டாங்கக்கா," என்றேன். "பூ எடுத்தேனே ராசியான கையால. பேசாம அந்தத் தயார் கடையையே எடுத்திருக்கலாம்."

அக்கா ஒரு ரேடியம் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அவ சரியாத்தான் சொன்னா. வந்தது செவப்பு."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தது சிவப்பு. தயார் கடை. என் கையாலேயே என் வேலைக்கு எதிராக எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அதை அவர் முந்தானையில் முடிந்துகொண்டு என் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். குளிக்காமல் கடையில் மாட்டியிருக்கும் அம்மன் படத்துக்கு ஊதுபத்திகூடக் கொளுத்தாத மனுஷி. கணவர் போன மறுநாளும் அம்மனைக் கும்பிட்டதாகச் சொன்னவர். அவர் சன்னதியில் நின்று பொய் சொன்னார் என்பதை என் புத்தி ஏற்கவே இல்லை. அவரை மூடநம்பிக்கைக்காரி என்று நினைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லை.

"கோயில்ல நின்னு பொய்யா சொன்னீங்க?"

"பொய் எங்க சொன்னேன்? சாமி பைத்தானுன்னு சொல்லிருச்சுன்னேன். நீதான சாமி சொன்னே? எந்தச் சாமின்னு அவங்க கேக்கல."

சிரிக்க வேண்டியதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப எதுக்குக்கா பூக் கேட்டீங்க?"

"என்ற பேச்சுக்கு அவரு கட்டுப்படமாட்டாரு, பூவுக்குக் கட்டுப்படுவாரு. வெள்ளை வந்துருமுன்னு நம்பித்தான் போனேன். வல்லியே, என்ன பண்றது? தார்ப்பாய்க்கு எஸ்ஸு எம்முன்னு போடறவங்கிட்டக் கடையக் குடுத்துட்டு நான் எங்க போறது?"

"பயமா இல்லையா?"

இப்போதுதான் கை நின்றது. "பயந்தான். வெளக்கு வெக்கறப்பெல்லாம் பயந்துட்டுத்தான் வெக்கறேன். அவள உட்டுப்போட்டு உன்னய எடுத்திருக்கறேன் சாமி. எந்திரி. ஆவறதப் பாரு."

எழுந்தேன். முகம் கழுவினேன். எண்ணிக்கைக் கட்டத்தைப் பிடுங்கி எறிந்தேன். நீள அகலக் கட்டத்தையும் எடுத்தேன். அந்த இடத்தில், 'உங்க வண்டி எத்தனை வீல்?' என்று ஒரே கேள்வியை வைத்தேன். எந்த வீலுக்கு எத்தனை அடித் தார்ப்பாய் என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். காலையில் வந்த ஆர்டர்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். பன்னிரண்டு தார்ப்பாய் என்பது பன்னிரண்டு வீலுக்கு ஒரு தார்ப்பாய் ஆனது. தயார் கடையாக இருந்தால் அந்தக் கட்டத்தை எடுக்க யாரிடமோ போய் நின்றிருக்க வேண்டும். இது நான் கட்டிய பாடி, எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெயில் சாய்வதற்குள் 'ஸ்டாக் இல்லை' மறைந்தது. அக்கா டிரைவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, சிரித்துப் பேசி, குஞ்சம் ஒன்று சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார். பந்தல் போடவா என்று கேட்டவர் முதலில் சமாதானமானார். அவரே தன் குழுவில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க, அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் கடையைப் பார்க்க வந்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பார்சல் கட்டி எங்கள் விரல் எல்லாம் டேப் ஒட்டிக் கிடந்தது.

ஆயுத பூஜையன்று நானும் போயிருந்தேன். கடை வாசலில் சுத்திப்போடப் பூசணிக்காயோடு நின்றார் கொழுந்தனார். டயர்க்காரர்கள் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அனுப்பக் கட்டி வைத்திருந்த மூட்டைகளைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது, அதை அவர் பார்த்தார்.

"அம்மன் வாக்கு எப்பிடிப் பலிச்சுது பாத்தீங்களா அண்ணி," என்றார். "பாம்புன்னு நாந்தான் ரோசனை பண்ணிட்டேன்."

தரையைப் பார்த்தேன். சூடத்தட்டோடு நின்ற அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தட்டில் இருந்த சுடர் லேசாக ஆடியது. காற்றே இல்லை.

"ஆமாங்க," என்றார். பிறகு என் பக்கம் தட்டை நீட்டினார். "தொட்டுக் கும்புட்டுக்க சாமி. எனக்கும் சேத்து அவகிட்ட ஒரு மன்னாப்புக் கேட்டுப்போடு."